எந்தத் தாமோதரனார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவு: செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் புறநானூற்றுப் புலவர்களுக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு புலவருக்கு ஓர் அட்டை. ஓர் அட்டையில் 'தாமோதரனார்' என்று எழுதி, அடியில் 60, 170, 172, 321 என்று நான்கு பாட்டெண்களைக் குறித்திருந்தேன். என் ஆசிரியர் அதை எடுத்துப் பார்த்தார். "எந்தத் தாமோதரனார்?" என்று கேட்டுவிட்டு, அட்டையைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான் பேச்சு. அன்று இரவு விடுதியில் நூலை மறுபடி பிரித்தேன். மூன்று பாட்டுக்கு உரியவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார். 172ஆம் பாட்டு வடம வண்ணக்கன் தாமோதரனாருடையது. வண்ணக்கன் என்றால் நாணயம் பரிசோதிப்பவர். ஒருவர் நோய் பார்த்தவர், மற்றவர் காசு பார்த்தவர். இருவரையும் நான் ஒரே அட்டைக்குள் அடைத்துவிட்டேன்.

அந்தக் கேள்வி இத்தனை ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. இன்றைய உரையும் அதைப் பற்றியதுதான். ஒரே பெயரில் பலர் இருப்பது எந்தச் சமூகத்திலும் நடப்பது. அவர்களைப் பிரித்துச் சொல்லத் தமிழ் ஒரு முறை வைத்திருக்கிறது: ஊர், தந்தை, தொழில், இவற்றில் ஒன்றையோ இரண்டையோ பெயருக்கு முன் வைப்பது. இந்த அடையை நாம் அலங்காரம் என்று எண்ணி உதிர்த்துவிடுகிறோம். உதிர்க்கும்போதெல்லாம் ஒரு மனிதரைத் தொலைக்கிறோம், சில நேரம் இல்லாத ஒருவரை உண்டாக்கியும் விடுகிறோம். இதுவே என் கருத்து.

1. இலக்கணம் கண்ட ஒற்றுமை

நான் படித்த தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பில் மூன்று முருகேசன்கள் இருந்தோம். வாத்தியார் எங்களை மேலத்தெரு முருகேசன், ஆசாரி வீட்டு முருகேசன், ராமையா மகன் முருகேசன் என்று கூப்பிடுவார். ஊர், தொழில், தந்தை. அவருக்குத் தொல்காப்பியம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் செய்தது தொல்காப்பியத்தின் வேலை.

எழுத்ததிகாரத்தின் புள்ளி மயங்கியலில் மக்கட்பெயர்கள் தந்தை என்ற சொல்லோடு சேர்வதற்குத் தனி விதிகள் உண்டு. சாத்தன் தந்தை 'சாத்தந்தை' ஆவார். ஆதன் தந்தை 'ஆந்தை' ஆவார், பூதன் தந்தை 'பூந்தை' ஆவார். கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையார் என்று நாம் பெருமையோடு சொல்லும் புலவர், பிசிர் என்ற ஊரில் ஆதன் என்பவனுக்குத் தந்தை. அவருடைய சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. ஊர் வந்திருக்கிறது, மகன் பெயர் வந்திருக்கிறது. காணாத நட்புக்காக உயிர் விட்டவரை இரண்டாயிரம் ஆண்டாக ஒரு பிள்ளையின் பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதே இயலில் இன்னொரு நுட்பம். பெயருக்கு முன் அடை வந்துவிட்டால் அந்தச் சுருக்கம் கிடையாது. பெருஞ்சாத்தனுக்குத் தந்தை 'பெருஞ்சாத்தன் தந்தை'யாகவே நிற்பார். அடை பெற்ற பெயர் வெறும் பெயர்போல நடக்காது என்பதை ஓசையளவிலேயே இலக்கணம் கவனித்திருக்கிறது.

மகன் பெயரோடு தந்தை பெயரைச் சேர்ப்பதற்கும் விதி உண்டு. கொற்றனுக்கு மகன் கொற்றன் என்றால் கொற்றங்கொற்றன். சாத்தனுக்கு மகன் கொற்றன் என்றால் சாத்தங்கொற்றன். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனாரின் மகன், இறையனார் களவியல் உரை தரும் மரபில், கீரங்கொற்றன். நாம் இன்று 'இனிஷியல்' என்கிறோமே, அதன் வேலையும் இதுதான். உ. வே. சாமிநாதையர் என்றால் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர். முதலில் ஊர், அடுத்துத் தந்தை, பிறகு பெயர். 1894இல் புறநானூற்றை அச்சிட்டவருடைய பெயரும், அந்நூலில் உள்ள புலவர் பெயர்களும் ஒரே முறையில் அமைந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

2. குதிரைமலைத் தலைவனைப் பாடிய இருவர்

இனி அந்த இரு தாமோதரனார்களிடம் வருகிறேன். புறநானூற்றில் 168 முதல் 172 வரையுள்ள ஐந்து பாட்டும் ஒரே தலைவனைப் பற்றியவை. அவன் பிட்டங்கொற்றன், குதிரைமலைக்கு உரியவன், சேரன் கோதையின் படைத்தலைவன். 168ஐப் பாடியவர் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார். 169, 171 இரண்டும் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனாருடையவை. 170 உறையூர் மருத்துவன் தாமோதரனாருடையது, 172 வடம வண்ணக்கன் தாமோதரனாருடையது.

ஒரே நூல், ஒரே தலைவன், ஒரே பெயர், இடையில் ஒரே ஒரு பாட்டு. தொழிற்பெயர் இரண்டையும் எடுத்துவிட்டால் இவர்களைப் பிரிக்க எந்த வழியும் இல்லை. நான் அட்டையில் செய்த தவறை எந்த வாசகரும் செய்திருப்பார். 'மருத்துவன்', 'வண்ணக்கன்' என்ற இரண்டு சொல்தான் இரண்டு உயிரைக் காத்து நிற்கின்றன.

பாட்டுகளுக்குள்ளே போய்ப் பாருங்கள். மருத்துவர் பிட்டனை உலைக்கல்லாகப் பார்க்கிறார். கொல்லன் வலுவாகச் சம்மட்டியை ஓங்கி அடிக்கிறான், அடியைத் தாங்கிக்கொண்டு கல் அப்படியே இருக்கிறது. பகைவருக்கு அவன் அப்படிப்பட்டவன். வண்ணக்கருடைய பாட்டு அடுக்களையில் தொடங்குகிறது. உலை ஏற்றச் சொல்கிறார், சோறு ஆக்கச் சொல்கிறார், கள் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். பிட்டன் வாழ வேண்டும், அவன் அரசன் கோதை வாழ வேண்டும் என்று வாழ்த்திவிட்டு, அவர்களோடு மாறுபட்ட மன்னரும் நெடுநாள் வாழட்டும் என்கிறார். பகைவர் இருந்தால்தானே அவர்களிடம் கொண்ட திறைப்பொருள் பரிசிலர்க்கு வந்துகொண்டிருக்கும்! காசு எங்கிருந்து வருகிறது என்று அறிந்தவரின் வாழ்த்து அது. தொழிலை வைத்துக் கவிதையை அளப்பது ஆபத்து என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த ஓரிடத்தில் அந்த எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.

168ஆம் பாட்டின் சாத்தனாரையும் விட்டுவிடக் கூடாது. காட்டுப்பன்றி கிளறிய மண்ணில் ஏர் உழாமலே குறவர் தினை விதைக்கிறார்கள். விளைந்த தினையை மரையாவின் நுரை பொங்கும் பாலில், மான்கறி வெந்த வாசனை போகாத பானையில், சந்தன விறகு எரித்துச் சமைக்கிறார்கள். காட்டுமல்லி பூத்த முற்றத்தில் வாழையிலை விரித்துப் பகிர்ந்து உண்கிறார்கள். சங்கப் பாட்டில் இதைவிட மணமான சமையல் குறிப்பு ஒன்றை நான் படித்ததில்லை.

தாமோதரன் என்ற பெயர் அங்கே நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். சட்டம் படித்து வழக்கறிஞராகி, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். 1883இல் இறையனார் களவியலையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அவருடைய 'சி' சிறுப்பிட்டி, 'வை' தந்தை வைரவநாதர். நம் காலத்திலோ தொலைக்காட்சி பார்க்கும் எந்த வீட்டிலும் 'செஃப் தாமு' என்றால் தெரியும். அவர் முழுப்பெயர் தாமோதரன். மருத்துவன் தாமோதரனார், வண்ணக்கன் தாமோதரனார், செஃப் தாமு. தொழிலை முன்னால் வைக்கும் வழக்கம் இம்மியும் மாறவில்லை பாருங்கள்.

3. சாத்தன் என்னும் கூட்டம்

தாமோதரன் இருவர் என்றால் சாத்தன் ஒரு பெருங்கூட்டம். தொல்காப்பிய உரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், இயற்பெயருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் உரையாசிரியர் கை முதலில் போவது சாத்தனிடம்தான், அடுத்துக் கொற்றனிடம். வருபவன் சாத்தன், போகிறவன் சாத்தன். யாராக வேண்டுமானாலும் இருக்கக்கூடிய ஒருவனுக்கு இலக்கணம் வைத்த பெயர் அது. இந்தப் பெயரை 'சாத்து' என்ற வணிகக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஐயனாருக்கும் சாத்தன் என்று பெயர்.

அடை இருப்பதால் சங்கத் தொகையில் இவர்களை எண்ண முடிகிறது. சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், தொண்டி ஆமூர்ச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார். ஒக்கூரில் மாசாத்தனார் என்று ஆண் புலவர் ஒருவரும், மாசாத்தியார் என்று பெண் புலவர் ஒருவரும் இருந்திருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே பெயர், பால் விகுதி மட்டும் வேறு. தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பெண் ஒருத்தி, பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்பியதைப் பாடியவர் அந்த மாசாத்தியார்.

பாடியவர்கள் மட்டுமல்லர், பாடப்பட்டவர்களிலும் சாத்தன் உண்டு. பாண்டியன் கீரஞ்சாத்தன், வீட்டுக்கு வந்த சான்றோர் உண்ண மறுத்தால் தன்மேல் ஆணையிட்டுக் கெஞ்சி உண்ண வைப்பவன். சோழநாட்டுப் பிடவூர் கிழார் மகன் பெருஞ்சாத்தன், வந்த புலவரை மனைவியிடம் காட்டி, என்னைக் கவனிப்பதுபோல இவரையும் கவனி என்று சொன்னவன். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் முல்லைக்கொடியைப் பார்த்துக் கேட்ட கேள்வி, தமிழ் படித்த எவருக்கும் மறக்காது. சூடுவதற்கு ஆள் இல்லாத ஊரில் பூ எதற்கு?

இந்தப் பெருஞ்சாத்தன்களில் ஒருவன் பிடவூரான், மற்றவன் ஒல்லையூரான். ஊரை நீக்கினால் விருந்து கொடுத்தவனும் வீழ்ந்தவனும் ஒருவனாகிவிடுவார்கள். முல்லையைப் பார்த்து அழுத அழுகை வேறு வீட்டு வாசலில் போய் விழும்.

4. அடை புரியாமல் போனால்

இதுவரை அடை உதிர்வதைச் சொன்னேன். அதைவிட விந்தையானது, அடை நிலைத்து அதன் பொருள் மறந்துபோவது. சீத்தலை என்பது ஊர்ப்பெயர். ஊர் நினைவை விட்டுப் போனதும் சொல்லை மக்கள் பிரித்துப் பார்த்தார்கள். 'சீ', 'தலை'. சீழ் பிடித்த தலை! பிறர் பாட்டில் பிழை கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையைக் குத்திக்கொண்டு புண்ணாக்கிக்கொண்ட புலவர் என்று ஒரு கதை முளைத்தது. திருவள்ளுவமாலையில் அந்தத் தலைக்குத்துக்கு மருந்தே எழுதியிருக்கிறது. சீந்தில், சுக்கு, தேன் என்று சரக்குகளைச் சொல்லி, சாத்தனாருக்கு மட்டும் வள்ளுவரின் முப்பாலால் தலைக்குத்துத் தீர்ந்தது என்று முடிகிறது அந்த வெண்பா. பாடியவர் பெயர் என்ன தெரியுமா? மருத்துவன் தாமோதரனார். ஊர்ப்பெயரிலிருந்து பிறந்த நோய்க்குப் புறநானூற்று மருத்துவர் பெயரிலேயே ஒருவர் மருந்து சொல்லிவிட்டார்.

மணிமேகலை பாடிய மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரும், அகநானூறு, நற்றிணை, குறுந்தொகைகளில் வரும் சீத்தலைச் சாத்தனாரும் ஒருவரா என்ற வழக்கு இன்றும் நடக்கிறது. கூலவாணிகன் என்பது ஓர் அடை, சீத்தலை என்பது இன்னோர் அடை. இரண்டும் சேர்ந்த பெயர் புறநானூறு 59இல் வருகிறது. சேர்ந்து வருவதால் ஒருவரே என்பார் சிலர். காப்பியத்தின் மொழியையும் அது காட்டும் பௌத்தத் தருக்கத்தையும் பார்த்தால் காலம் மிகவும் பின்னுக்குப் போகிறது என்பார் சிலர். எனக்கு இரண்டாவது கட்சியே ஏற்புடையது. பிற்காலத்து மதுரைச் சாத்தனார் ஒருவரின் தொழிற்பெயர், புகழ் காரணமாகப் பழைய சாத்தனார்மேல் ஏறியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பெருந்தலைச் சாத்தனாருக்கும் இதே நிலைதான். பவானி ஆற்றங்கரைப் பெருந்தலையூர்க்காரர் என்பவர்கள் உண்டு, பெரிய தலை உடையவர் என்பவர்களும் உண்டு. அடுப்பில் காளான் பூத்துவிட்டது, பால் இல்லாத மார்பைப் பிள்ளை சுவைத்து அழுகிறது என்று, காட்டில் இருந்த வள்ளல் குமணனிடம் போய்ச் சொன்னவர் அவர். கொடுக்க ஒன்றும் இல்லாத குமணன், தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருப்பது தெரிந்து, வாளைக் கையில் கொடுத்தான். அந்த வாளோடு அவர் தம்பி இளங்குமணன் முன் போய் நின்றார். தலை பற்றிய கதை பேசியவருக்குப் 'பெருந்தலை' என்று பெயர் அமைந்தது நம் மனத்தை எளிதில் இழுக்கும். இந்த மாதிரி இழுப்புக்கு ஆய்வாளர் இடம் கொடுக்கக் கூடாது. ஊர் என்று கொள்வதே பொருந்தும்.

அடை அறவே இல்லாத பெயருக்கு என்ன நேரும் என்பதற்கு ஔவையே சான்று. அதியமானோடு அமர்ந்து பாடிய சங்கப் புலவர், ஆத்திசூடி எழுதியவர், விநாயகர் அகவல் பாடியவர், இவர்களுக்கிடையே பல நூற்றாண்டு இருக்கிறது. ஔவை என்றால் தாய், மூதாட்டி. ஊரும் தந்தையும் தொழிலும் இல்லாமல் உறவுப்பெயர் மட்டும் நின்றதால், எல்லோரும் ஒரு கிழவியானார்கள். நெல்லிக்கனி உண்டதால் அத்தனை காலம் வாழ்ந்தார் என்று கதை அந்த இடைவெளியை நிரப்பிவிட்டது.

5. மன்னருக்கும் இதே வழி

சுருக்கமாக ஒன்று. அரசர் பெயர்கள் குடிப்பெயர்களாகவே திரும்பத் திரும்ப வந்ததால் அவர்களுக்குச் சிக்கல் இன்னும் கடுமை. தொகுத்தவர்கள் அவர்களை இறந்த இடத்தால் பிரித்தார்கள். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன். புலவர் வாழ்ந்த ஊரால் அறியப்பட்டார், அரசன் கண் மூடிய இடத்தால் அறியப்பட்டான்.

6. ஒரு தடையும் ஒரு குகையும்

இங்கே ஒரு தடை எழும். ஊரும் தொழிலும் பாட்டுக்குள் இல்லை, பாட்டின் கீழேயுள்ள குறிப்பில் இருக்கின்றன, தொகுத்தவர் பின்னால் சேர்த்தவை, இவற்றை எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொகுத்தவர்களுக்கே சிலர் பெயர் கிடைக்கவில்லை. செம்புலப் பெயல்நீரார், தொடித்தலை விழுத்தண்டினார் என்று பாட்டிலிருந்தே பெயர் எடுத்துச் சூட்டினார்கள். தெரியாதபோது ஊரையோ தொழிலையோ கற்பித்து எழுதிவிடவில்லை. அவர்களுடைய நேர்மைக்கு இதை முதல் சான்றாகக் கொள்கிறேன்.

இரண்டாவது சான்று பாறையில் இருக்கிறது. மதுரைக்கு வடக்கே அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பக்கம், துறவியர் தங்கிய குகைத்தளம் ஒன்று உண்டு. மேலே மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் புருவம்போல வெட்டிய விளிம்பு. அதை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்துகள். அண்ணாந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்து, வெயில் சாயும்வரை காத்திருந்தால் கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழும். கொடை தந்தவர்களின் பெயர்கள் அவை. உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன் என்று தொழில் சொல்லித்தான் பெயர் வருகிறது. பாணிதம் வெல்லப்பாகு, கொழு ஏரில் மாட்டும் இரும்பு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார்.

அங்கே மதுரைப் பொன்கொல்லன் ஆதன் ஆதன் என்று ஒருவர். சற்றுத் தள்ளி, கணக்கன் ஆதன் மகன் ஆதன் ஆதன் என்று ஒருவர். ஒரே பாறையில் இரண்டு ஆதன் ஆதன்! ஆதனுக்கு மகன் ஆதன், கொற்றங்கொற்றனைப் போல. ஒருவருக்கு ஊரும் தொழிலும் அடை, மற்றவருக்குத் தந்தையும் தந்தை தொழிலும் அடை. தொகைநூல்களைத் தொகுத்தவர்கள் பிறப்பதற்கு முன்பே, கற்றச்சன் உளியால் "எந்த ஆதன்?" என்ற கேள்விக்கு விடை வெட்டி வைத்திருக்கிறான். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்ற பெயர்களைப் புலமைக் கற்பனை என்று இனி யாரும் தள்ள முடியாது. மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட முறையே அதுதான்.

7. இன்று நாம் செய்ய வேண்டியது

1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜத்துக்காகப் பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை சங்க இலக்கியத்தைப் புலவர் வரிசையில் பதிப்பித்தார். புலவர் வரிசை என்று முடிவு செய்தவுடன், ஒவ்வொரு பெயரிலும் இவரும் அவரும் ஒருவரா இருவரா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பை அவர் தலைமேல் ஏற்றார். நாம் இன்று அதே பொறுப்பைக் கணினியிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தேடுபெட்டியில் 'சாத்தனார்' என்று தட்டினால் எல்லாரும் ஒரே கட்டாக வந்து விழுகிறார்கள். பாடநூல்களில் இடம் போதவில்லை என்று அடை வெட்டப்படுகிறது. கட்டுரைகளில் 'தாமோதரனார் கூறுகிறார்' என்று எழுதுகிறார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடைவு தயாரிக்கும்போது முழுப்பெயரை எழுதுங்கள். 'வடம வண்ணக்கன்' என்பதற்கு ஒன்பதெழுத்து ஆகும், ஆகட்டும். இருவர் ஒருவரே என்று நீங்கள் கருதினால், காரணத்தோடு தனியாகச் சொல்லுங்கள். பெயரை வெட்டி அந்த முடிவை வாசகர்மேல் ஓசையில்லாமல் ஏற்றாதீர்கள்.

எகிப்தில் செங்கடல் கரையில் குசைர் அல் கதீம் என்ற பழைய துறைமுகத்தில் தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. ஓர் ஓட்டில் கண்ணன் என்ற பெயர். இன்னோர் ஓட்டில் சாத்தன். ஊர் இல்லை, தந்தை இல்லை, தொழில் இல்லை. வெறும் சாத்தன். அவர் வந்த கப்பலில் வேறு சாத்தன் இல்லை போலும்.